பின்னால் கட்டிய கார்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஸ் அளவுக்கு ஒரு வண்டி போகும். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, சோபா எல்லாம் இருக்கும். மோட்டார்ஹோம் என்பார்கள். அதன் பின்னால் ஒரு சின்னக் கார், உள்ளே யாருமே இல்லாமல், இழுபட்டுக்கொண்டு வரும். முதன்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கார் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. முகாமில் பெரிய வண்டியை நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் மாட்டிவிட்டால், பால் வாங்கக்கூட அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. வெளியே போய்வர அந்தச் சின்னக் கார்தான்.

இழுபடும் காருக்கு மோட்டார்ஹோம்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'டோட்'. இழுக்கப்பட்டது என்பதற்கும் தேரை என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு என்பதால் வந்த பெயர். எங்கள் தேரை ஒரு மின்சாரக் கார். முன்சக்கரங்களில் மோட்டார் இருப்பதால், அந்த இரண்டையும் டாலி என்ற சின்ன இரட்டைச் சக்கர வண்டியின்மேல் ஏற்றிக் கட்டுவோம். பின்சக்கரங்கள் மட்டும் சாலையில் உருளும். டாலி மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்க முடியாது. அதனால் எந்தப் பெட்ரோல் பங்க்கில் நுழைந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். பார்த்து வைப்பது நான். டாலியின் பட்டைகளை இறுக்குவதும், 50 மைலுக்குப் பிறகு ஓரங்கட்டி அவை தளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் நான்தான். பெரிய வண்டியை ஓட்டுவது என் இணையர். பார்க்கிறவர்களுக்கு அவர் ஓட்டுகிறார், நான் கூட வருகிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம் என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் சமையலறையைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். டல்லஸில் செய்த அதே சாம்பாரை நியூ மெக்சிகோவில் இன்னும் சின்ன அடுப்பில் செய்கிறேன்.

டெக்சாஸின் அமரில்லோவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தபோதுதான் 'இலவச சார்ஜ்' பேச்சு வந்தது. பக்கத்து வண்டிக்காரர் என் இணையரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். டாலி எதற்கு, நான்கு சக்கரமும் தரையில் படும்படி கம்பி மாட்டி இழுங்கள், காரை டிரைவில் போட்டுவிடுங்கள், சக்கரம் சுற்றச் சுற்ற மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும், போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருக்கும் என்றார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

இரவு இவர் ஆர்வமாகச் சொன்னார்: "இழுத்துக்கிட்டுப் போறப்பவே சார்ஜ் ஏறுமாம். ஃப்ரீ!"

"ஏறும். ஆனா ஃப்ரீ இல்லீங்க. நம்ம பெட்ரோல்ல ஏறும்."

"சக்கரம் எப்படியும் சுத்தத்தானே போகுது?"

இந்த 'எப்படியும்' என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறோம், தோழிகளே! எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாய். எப்படியும் சமைக்கத்தானே போகிறாய், இன்னும் நாலு பேருக்குச் சேர்த்து வைத்தால் என்ன? எப்படியும் நடக்கிற வேலைக்குக் கணக்கு எதற்கு என்பதுதான் அதன் பொருள்.

நான் மின்னியலில் பி.இ. படித்தவள். 1997இல் முடித்தேன். மூன்றாம் ஆண்டு மின்இயந்திர ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை உண்டு. நான்கு துருவ இன்டக்‌ஷன் மோட்டார், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஒத்திசைவு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டாராக ஓடும்போது அதற்குச் சற்றுக் குறைவாகத்தான் சுற்றும். அதே அச்சில் இன்னொரு டி.சி. மோட்டாரை இணைத்து, 1500ஐத் தாண்டித் தள்ளினால் வாட்மீட்டர் முள் எதிர்ப்பக்கம் திரும்பும். இதுவரை மின்சாரம் குடித்த இயந்திரம் இப்போது மின்சாரம் தருகிறது. நாங்கள் கைதட்டினோம். எங்கள் பேராசிரியை, "இந்த மீட்டரையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. அந்தப் பக்கத்து அம்மீட்டரைப் பாருங்க" என்றார். பார்த்தோம். தள்ளிக்கொண்டிருந்த டி.சி. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறியிருந்தது. இங்கே வந்ததைவிட அங்கே போனது அதிகம். இடையில் கொஞ்சம் சூடாகக் கரைந்திருந்தது.

அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அரசுப் பள்ளியில் கணக்கு வகுப்பு உதவியாளராகப் பல வருடம் இருந்த பழக்கம், எதையும் எழுதிப் பார்ப்பேன்.

காருக்கு 10 யூனிட் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் கொஞ்சம் வீணாகும் என்பதால் சக்கரத்துக்கு 12 யூனிட்டுக்கு மேல் வந்து சேர வேண்டும். அதை இழுத்துத் தருவது பெரிய வண்டியின் பெட்ரோல் எஞ்சின். எரிபொருளின் வெப்பத்தில் சுமார் கால் பங்குதான் சாலைக்கு வரும், மீதி ரேடியேட்டரிலும் புகையிலும் போய்விடும். அப்படியானால் கிட்டத்தட்ட 50 யூனிட் வெப்பத்தை எரிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட். ஆக ஐந்தரை லிட்டர். அந்த 10 யூனிட்டில் எங்கள் கார் 60 கிலோமீட்டர் போகும். ஐந்தரை லிட்டர் பெட்ரோலை ஒரு சாதாரணச் சின்னக் காரில் ஊற்றினாலே 80 கிலோமீட்டர் போகலாம்! மின்சாரக் காரைப் பெட்ரோல் காரைவிட மோசமான பெட்ரோல் காராக மாற்றும் வழி இது.

செலவு மட்டுமல்ல. பல மின்சாரக் கார்களின் கையேடுகள் மோட்டார் இணைந்த சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுக்காதே என்று சொல்கின்றன. டெஸ்லா மாடல் 3இன் கையேடு நான்கு சக்கரங்களும் தரையில் படாமல்தான் ஏற்றிச் செல்லச் சொல்கிறது. சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். அந்த நேரத்தில் அதைக் கட்டுப்படுத்தும், குளிரவைக்கும் அமைப்புகள் சரியாக இயங்காவிட்டால் சூடாகிக் கெடும். பேட்டரி நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வருவதை வாங்கிக்கொள்ள இடமும் இருக்காது. இழுத்து சார்ஜ் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள், இயற்பியல் அதைத் தடுக்கவில்லை. இலவசம் என்பதைத்தான் தடுக்கிறது.

தாளைக் காலையில் காட்டினேன். இவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். 25 வருடத்தில் என் படிப்பைப் பற்றி நாங்கள் பேசியது குறைவு என்பது அப்போது உறைத்தது.

நான் 1999இல் எச்-4 விசாவில் அமெரிக்கா வந்தேன். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் விசா. அதில் வருபவர் இங்கே வாழலாம், படிக்கலாம், பிள்ளை பெறலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. 2015 மே மாதத்தில்தான், கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைகளுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. எனக்கு அதற்கு முன்பே, 2008இல், கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. இடையில் ஒன்பது வருடங்கள். அந்த ஒன்பது வருடத்தில் இவர் மூன்று முறை பதவி உயர்ந்தார். நடுராத்திரி அழைப்புகளுக்கு எழுந்து உட்கார்ந்தார், வாரக்கணக்கில் வெளியூர் போனார், நிஜமாகவே உழைத்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் அவர் தூங்க முடிந்தது, ஏனென்றால் நான் விழித்திருந்தேன். அவருடைய வேலைக் குறிப்பில் அந்த ஒன்பது வருடமும் வரி வரியாக இருக்கிறது. என்னுடையதில் ஒரு வெற்றிடம். நேர்காணலில் "இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். நான் நின்றுகொண்டிருக்கவில்லை, தள்ளிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? பேராசிரியை காட்டிய அந்தப் பக்கத்து அம்மீட்டரை அங்கே யாரும் பார்க்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. காரின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1886இல் காப்புரிமை பெற்ற பெட்ரோல் வண்டி கார்ல் பென்ஸ் பெயரில் இருக்கிறது. அவருடைய தொழில் முங்கிப்போக இருந்தபோது, கூட்டாளியின் பங்கை வாங்கப் பணம் தந்தது பெர்த்தா. திருமணத்துக்கு முன்பே தன் வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த சீதனப் பணம்! 1888இல் அந்த வண்டியை யாரும் நம்பி வாங்காதபோது, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய்க் காட்டியதும் அவர்தான். வழியில் எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார்.

மின்சாரக் காருக்கும் பெண்களுக்கும் வேறொரு பழைய தொடர்பு உண்டு. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் மின்சாரக் காரைப் 'பெண்களின் கார்' என்று சொல்லி விற்றார்கள். கைப்பிடி சுற்றிக் கிளப்ப வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை, உடை அழுக்காகாது. பெட்ரோல் காரை உலகத்துக்கே விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது 1914ஆம் ஆண்டின் டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார். இன்றும் மிச்சிகனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரலாற்றாசிரியர் வர்ஜீனியா ஷார்ஃப் 1991இல் எழுதிய 'டேக்கிங் தி வீல்' என்ற நூல் இந்த விற்பனையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சார்ஜ் தீர்வதற்குள் வீடு திரும்ப வேண்டிய கார் பெண்ணுக்குப் போதும் என்று நினைத்தார்கள். கடைக்குப் போகலாம், தோழி வீட்டுக்குப் போகலாம், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். தூரம் போவது ஆணின் பெட்ரோல் காருக்கு. பேட்டரியின் எல்லையும் பெண்ணின் எல்லையும் ஒன்றாக இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

அதை உறுத்தலாக்கியவர்களும் இருந்தார்கள். 1909இல் 22 வயது ஆலிஸ் ராம்சே, ஒரு குழந்தைக்குத் தாய், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாள் காரோட்டிப் போனார். கூட வந்த மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. முழுத் தூரமும் அவரே ஓட்டினார், டயர் பஞ்சரையும் அவரே பார்த்துக்கொண்டார். பெட்ரோல் கார்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் கட்டிய காரில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது எனக்கு இயற்பியல் கேள்வி மட்டுமல்ல. முகாமில் நிறுத்திய பிறகு என் கால் அந்தக் கார்தான். நூலகத்துக்குப் போக, தனியாக ஒரு காபி குடிக்க, மகளோடு மனம்விட்டுப் போனில் பேச, சும்மா ஒரு மணிநேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க. பேட்டரி 12 சதவீதத்தில் நின்றால் நான் வண்டிக்குள் நிற்கிறேன். அவ்வளவுதான்.

இரவில் எங்களுக்குள் வரும் சண்டையும் இதனால்தான். முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம் இருக்கும். பெரிய முகாம்களில் 50 ஆம்ப் இணைப்பு, 12 கிலோவாட் வரை எடுக்கலாம். பழைய முகாம்களில் 30 ஆம்ப், 120 வோல்ட், அதாவது 3.6 கிலோவாட். கூரை ஏ.சி. ஒன்றரை கிலோவாட் எடுக்கும், என் இன்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு ஒன்றரைக்கு மேல். மூன்றாவதாக மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடும். எது எப்போது ஓட வேண்டும் என்ற கணக்கு என் தலையில். கம்பத்தில் தனியாக ஒரு 20 ஆம்ப் பிளக் இருந்தால் அதில் காரை மாட்டலாம். 12 ஆம்ப் எடுக்கும் வயரில் பத்து மணிநேரம் விட்டால் காலையில் சுமார் 70 கிலோமீட்டர் போகும் அளவுக்கு ஏறியிருக்கும். எனக்கு அது தாராளம். அந்தப் பிளக் இல்லாத இடத்தில், ஏ.சி.யா காரா என்ற கேள்வி வரும். முதல் வருடம் முழுக்க ஏ.சி.தான் ஜெயித்தது. கார் 'கூடுதல்', ஏ.சி. 'தேவை' என்பது பேசாமலே முடிவாகியிருந்தது.

இந்த இலவசப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மலையிறக்கம். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டென்வர் பக்கம் இறங்கும்போது கனரக வண்டிகளின் பிரேக் காய்ந்துபோகும். எப்படியும் பிரேக்கில் சூடாகப் போகிற ஆற்றலை மின்சாரக் காரின் மோட்டார் பேட்டரிக்குத் திருப்பும். 2 டன் கார் 1,000 மீட்டர் இறங்கினால் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 5.4 யூனிட், கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். இங்கே 'எப்படியும்' என்ற சொல் சரி. ஆனால் அந்த உயரத்துக்குக் காரை யாரோ ஏற்றியிருக்கிறார்கள். இறக்கத்தில் கிடைத்ததை மட்டும் சொல்லி, ஏற்றத்தில் செலவானதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். பிள்ளைகள் பெரியவர்களாகி, கடன் முடிந்து, 'இனி ரிலாக்ஸ்' என்று சொல்லும் வயதில் பல வீடுகளில் நடப்பதும் அதுவே.

அந்த இறக்கத்தில் காரை நானே ஓட்டினேன். மலைக்கு முன் டாலியிலிருந்து இறக்கிவிடுங்கள், நான் தனியாக வருகிறேன் என்று சொன்னேன். "எதுக்கு? ஒண்ணா போலாமே" என்றார் இவர். கோபம் இல்லை, பயம்தான். எனக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. கால் எடுத்தால் கார் தானே வேகம் குறைத்தது. திரையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். கூட யாரும் பேசவில்லை. பாட்டு நான் வைத்தது.

இப்போது பயணத்தில் பாதித் தூரம் அப்படித்தான். வழியில் ஃபாஸ்ட் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று நான் பார்த்து வைக்கிறேன், அரைமணி நேரம் அங்கே நின்று புத்தகம் படிக்கிறேன். காரையும் டாலியையும் இழுக்காத பெரிய வண்டி கொஞ்சம் குறைவாகக் குடிக்கிறது, ரிவர்ஸும் எடுக்க முடிகிறது. பெட்ரோல் பங்க்கை அவரே தேர்ந்தெடுக்கிறார். சில நாள் அவர் எனக்கு முன்னால் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். முதல் தடவை, "சாப்பாடு?" என்று போன் செய்தார். "அரிசி இடதுபக்க டப்பாவுல இருக்கு. ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டுக் குக்கரைப் போடுங்க" என்றேன். போட்டிருந்தார். கொஞ்சம் குழைந்திருந்தது, சாப்பிட்டோம். 30 ஆம்ப் முகாம்களில் இப்போது நள்ளிரவுக்குப் பிறகு ஏ.சி. அணைகிறது, கார் சார்ஜ் ஏறுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நீங்கள் படிக்க வேண்டாம். மோட்டார்ஹோம் வாங்கும் வசதி எங்களுக்கு இருக்கிறது, பெரும்பாலான பெண்களுக்குப் பின்னால் கட்டக்கூட ஒரு வண்டி இல்லை. போன ஒன்பது வருடமும் திரும்பி வராது. மின்னியல் பட்டத்தை வைத்து நான் செய்த பெரிய வேலை, முகாமில் ஒரு தாளில் போட்ட கணக்குதான்.

ஆனால் அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம், அதற்குப் பட்டம் தேவையில்லை. உங்கள் வீட்டில், அலுவலகத்தில், கல்லூரியில் எது இலவசமாக நடக்கிறது என்று பாருங்கள். நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, முதியவருக்கு மாத்திரை போய்ச் சேருகிறது, விழாவுக்குக் கோலம் வந்துவிடுகிறது, கூட்டக் குறிப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு தாளை எடுத்து, இடதுபக்கம் அது யாருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று எழுதுங்கள். வலதுபக்கம் அந்த நேரம் யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள், மணிக்கணக்கில், பெயரோடு. பிறகு அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் வையுங்கள், சரிபார்க்கச் சொல்லுங்கள்.